பொங்கல் லீவில் மாமல்லபுரம் முதல் முட்டம் வரை: கடற்கரைப் படங்களுக்கு எங்கே நிற்பது, எந்தப் பக்கம் பார்ப்பது, எத்தனை மணிக்கு?

#1 கரையோரம்

வணக்கம். ஜனவரி இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து கார்ல கிளம்பி மாமல்லபுரம், தரங்கம்பாடி, தனுஷ்கோடி, மணப்பாடு, கன்னியாகுமரி, முட்டம்னு கரையோரமாவே இறங்குற திட்டம். கையில ஃபுல் ஃப்ரேம் கேமரா, 16-35, 70-200 எம்எம் லென்ஸ், கார்பன் ட்ரைபாட், 6 ஸ்டாப், 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கருப்புக் கண்ணாடி, ஒரு ஸ்டாப்னா பாதியாகும்) இருக்கு. "பார்க்க வேண்டிய கடற்கரைகள்" பட்டியல் நெட்ல ஆயிரம் கிடக்கு, அது வேண்டாம். எந்த இடத்துக்குக் காலை, எதுக்கு மாலை, எங்கே நிக்கணும், என்ன சொதப்பும் – இதைத் தெரிஞ்சவங்க சொன்னா உதவியா இருக்கும்.

#2 நீலப்பொழுது

முதலில் திசையைப் பிடியுங்கள், ஊர் அப்புறம். ஜனவரி நடுவில் நம் கரையில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. வடக்கை 0 என்று வைத்து வலமாக எண்ணினால் உதயம் சுமார் 111 டிகிரி, மறைவு சுமார் 249. ஜூன் கடைசியில் அதே உதயம் 66 டிகிரிக்குப் போய்விடும், டிசம்பர் கடைசியில் 114. ஒரே பாறைதான், ஒரே கோயில்தான். ஆனால் ஆறு மாதத்தில் 48 டிகிரி இடம் மாறுகிறது. யாரோ மே மாதம் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஜனவரியில் அதே படிக்கட்டில் போய் நின்றால் சூரியன் வேறெங்கோ வரும்.

கன்னியாகுமரியில் இதைக் கணக்காகவே போடலாம். விவேகானந்தர் பாறை கரையிலிருந்து சுமார் 500 மீட்டர். அந்தத் தூரத்துக்கு 24 டிகிரி (நேர் கிழக்கிலிருந்து ஒரு பக்கம் விலகும் அளவு) என்பது கரையில் 220 மீட்டர் நடை. சூரியன் தெற்கே போனால் நீங்கள் வடக்கே போக வேண்டும். மார்ச், செப்டம்பர் கடைசியில் பாறைக்கு நேர் மேற்கே நின்றால் சரி. டிசம்பர், ஜனவரியில் படகுத்துறைப் பக்கம் நகர வேண்டும். மே, ஜூனில் சங்கமத்துறைப் பக்கம் இறங்க வேண்டும்.

இன்னொன்று, சூரியனின் அளவு. சென்சாரில் விழும் சூரிய வட்டத்தின் விட்டம், லென்ஸின் குவிய நீளத்தை 110 ஆல் வகுத்தால் வருவது. 200 எம்எம்மில் 1.8 மில்லிமீட்டர்தான். வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி. 500 மீட்டரிலிருந்து அதே லென்ஸில் 16 மில்லிமீட்டர் உயரம் வரும். அதாவது சிலையின் ஒன்பதில் ஒரு பங்குதான் சூரியன். "சிலைக்குப் பின்னால் பெரிய சூரியன்" வேண்டுமென்றால் லென்ஸை மட்டும் மாற்றிப் பயனில்லை, பின்வாங்க வேண்டும். 2 கிலோமீட்டர் தள்ளி நின்று 500 அல்லது 600 எம்எம் போட்டால் சூரியன் சிலையின் பாதி உயரத்துக்கு அருகில் வரும். உங்கள் 70-200 இதற்குப் போதாது. அந்தப் படத்தை இந்தப் பயணத்தில் மறந்துவிட்டு, பாறையும் வானமும் சேர்ந்த அகலப் படத்துக்குப் போங்கள்.

நேரம்: ஜனவரி நடுவில் மாமல்லபுரத்தில் உதயம் 6:35 வாக்கில், தனுஷ்கோடியில் 6:32, கன்னியாகுமரியில் 6:38. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும், 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி. உதயத்துக்கு முந்தைய நீல வெளிச்சம் 20 நிமிடத்துக்குச் சற்று மேல், உதித்தபின் பொன்வெளிச்சம் 25 நிமிடம், அவ்வளவுதான். ஐரோப்பியர் எழுதும் "கோல்டன் ஹவர்" கணக்கு இங்கே செல்லாது. உதயத்துக்கு 45 நிமிடம் முன்பே ட்ரைபாட் ஊன்றி, ஃப்ரேம் முடிவாகியிருக்க வேண்டும். கடல்விளிம்பில் பெரும்பாலும் 2, 3 டிகிரி உயரத்துக்கு மேகப்பட்டை கிடக்கும். அப்படியிருந்தால் சூரியன் கண்ணில் படுவது அச்சிட்ட நேரத்துக்கு 10 நிமிடம் பிந்தி. வெறும் சாம்பல் என்று பையைக் கட்டிவிடாதீர்கள்.

#3 குமரிக்காரன்

நீலப்பொழுது அண்ணன் சொன்னதோட ரெண்டு விஷயம் சேர்த்துக்கிடுங்க. 2024 டிசம்பர் கடைசியில பாறைக்கும் சிலைக்கும் நடுவுல கண்ணாடிப் பாலம் திறந்தாச்சு. 77 மீட்டர் நீளம், மேல வில் மாதிரி வளைவு. பழைய படங்கள்ல ரெண்டுக்கும் நடுவுல தெரியுற வெத்து இடைவெளி இனிமே கிடையாது. சூரியனை அந்த இடைவெளியில கொண்டுவரணும்னு ப்ளான் பண்ணினா வளைவும் சேர்ந்துதான் வரும். நல்லாத்தான் இருக்கு, ஆனா ஃப்ரேமை அதுக்கேத்த மாதிரி யோசிக்கணும்.

ரெண்டாவது கூட்டம். கார்த்திகை மார்கழி முழுக்க ஐயப்ப பக்தர்கள் வருவாங்க, மகரவிளக்கு வரை குறையாது. அதோட பொங்கல் லீவும் சேருது. சங்கமத்துறையில காலை 5:45க்கெல்லாம் கைப்பிடிச்சுவர் பூரா ஆள் நிக்கும். ட்ரைபாடை விரிச்சு வைக்கவே இடம் இருக்காது, தட்டிட்டும் போவாங்க. காணும் பொங்கல் அன்னைக்குக் குமரியும் வேண்டாம், மாமல்லபுரமும் வேண்டாம். அந்த நாளை மணப்பாட்டுக்கோ தரங்கம்பாடிக்கோ வச்சுக்கிடுங்க.

மாலைக்கு முட்டம்தான். குமரி முனையில சூரியன் கடலுக்குள்ள இறங்குறது சுமாரா அக்டோபர் நடுவுலேர்ந்து மார்ச் நடு வரைதான். முட்டத்துல கரை வடமேற்கே சாஞ்சு போறதால வருஷம் பூரா கடல்லதான் இறங்கும். கலங்கரை விளக்கத்துக்குக் கீழ செம்மண் மேடு, அதுக்கும் கீழ பாறைக்கூட்டம். பாறைகளுக்கு நடுவுல ஓடைகணக்கா சந்து இருக்கு, அதுல அலை ஏறி நுரையா வடியும். அங்கதான் படம்.

பக்கத்துல மணவாளக்குறிச்சி மணலையும் விட்டுராதீங்க. இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்த கனிம மணல். கடல் கொஞ்சம் கொந்தளிச்சு அடங்கின மறுநாள் காலையில போனா, அலை இறங்குன இடத்துல கருப்பும் செம்மையும் தனித்தனியா பிரிஞ்சு கோலமா கிடக்கும். கனமான மணி நிக்குது, லேசானதை அலை இழுத்துட்டுப் போயிருது, அதான் சங்கதி. வெயில் தாழ்வா இருக்கும்போது பக்கவாட்டுல வெளிச்சம் விழுற மாதிரி நின்னு, 70 எம்எம்ல குனிஞ்சு எடுங்க. ஆள் நடக்குறதுக்கு முன்னாடி போகணும், ஒரு காலடி போதும் கெடுக்க.

#4 அலைவாய்

முட்டம் பாறைன்னு சொல்லிட்டீங்க, அதனால இதை இங்கேயே எழுதிடறேன். தயவுசெய்து முழுசா படிங்க.

ஜனவரியில கிழக்குக் கரையில வர்ற அலையும் முட்டத்துல வர்ற அலையும் வேற வேற. கிழக்குல வாடைக்காத்து கிளப்புற அலை. 5லேர்ந்து 8 விநாடிக்கு ஒண்ணு, பார்க்கப் பயமா இருக்கும், ஆனா வர்றது தெரியும். முட்டம் பக்கம் தெற்கு இந்தியப் பெருங்கடல்லேர்ந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வர்ற நீண்ட அலை. 12லேர்ந்து 16 விநாடி. அலை முன்னறிவிப்புல உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 6 விநாடி இடைவெளியில 1.5 மீட்டர் அலையைவிட 15 விநாடி இடைவெளியில 1 மீட்டர் அலை பாறைமேல ரொம்ப உயரமா ஏறும், ஏன்னா ஒவ்வொண்ணும் சுமக்கிற தண்ணி அதிகம். அதோட அது கூட்டம் கூட்டமாத்தான் வரும். பத்து நிமிஷம் ஒண்ணுமே இருக்காது, திடீர்னு தொடர்ச்சியா நாலஞ்சு பெரிய அலை.

2024 மே மாசம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்கள் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த சமயத்துல. கள்ளக்கடல்னா காத்து இல்லை, மழை இல்லை, கடல் மட்டும் ஏறும். ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் நிறுவனம் இதுக்கு முன்னெச்சரிக்கை வெளியிடுது. கிளம்புற முந்தின ராத்திரியும் அன்னைக்குக் காலையும் பார்க்கணும். எச்சரிக்கை இருந்தா பாறையில இறங்காதீங்க, மேல செம்மண் மேட்டுலேர்ந்தே எடுங்க.

இறங்குற நாள்ல: முதல்ல 20 நிமிஷம் கேமராவை வெளியே எடுக்காம பாருங்க. பாறையில எதுவரைக்கும் ஈரம்னு கவனிங்க. ஈரம் காயாத இடம்னா அங்கே அலை வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். கறுத்து, பச்சையா வழவழன்னு இருக்கிற பாறையில கால் வைக்காதீங்க, சொரசொரப்பா வெளுத்திருக்கிறதுல நில்லுங்க. கடலுக்கு முதுகு காட்டி ஸ்க்ரீன் பார்க்கிறது கூடவே கூடாது. பக்கத்துல வலைக்காரங்க யாராவது இருந்தா ஒரு வார்த்தை கேளுங்க, "இன்னிக்கு இந்தப் பாறைக்கு அலை ஏறுமாண்ணே"ன்னு. அவங்க சொல்றதுக்கு மேல செயலி எதுவும் கிடையாது.

#5 கரையோரம்

அலைவாய் அக்கா, முழுசா படிச்சுட்டேன், ரொம்ப நன்றி. குமரிக்காரன் அண்ணே, மணல் விஷயம் தெரியவே தெரியாது.

அடுத்த கேள்வி: 10 ஸ்டாப் போட்டு கடலைப் பஞ்சு மாதிரி ஆக்குறதா, 6 ஸ்டாப் போதுமா?

#6 பழையலென்ஸ்

தம்பி, முட்டத்துக்கு 10 ஸ்டாப்பைப் பையிலேயே வையுங்க. அங்க உள்ள அழகே நுரை வடியற கோடு. 30 விநாடி வச்சா அது மொத்தமும் வெள்ளைப் புகை. கோடு நிக்கணும்னா கால் விநாடியிலிருந்து ஒரு விநாடிக்குள்ள இருக்கணும். அரை விநாடியில ஆரம்பிங்க. அலை மோதும்போது அமுக்கக் கூடாது. ஏறி நின்னு, பின்வாங்க ஆரம்பிக்கிற அந்த நொடியில அமுக்கணும். அப்பத்தான் வடியற தண்ணி கேமராவிலிருந்து கடல் நோக்கி வரி வரியா ஓடும். இரண்டு விநாடி டைமர் வச்சா இந்த நேரம் தவறிப்போகும், கேபிள் ரிலீஸ் வேணும்.

கணக்கு சுலபம். உதித்தபின் ஐஎஸ்ஓ 100, எஃப் 11ல ஃபில்டர் இல்லாம 1/125 வருதுன்னா 6 ஸ்டாப்ல அரை விநாடி, 10 ஸ்டாப்ல 8 விநாடி. நீல வெளிச்சத்துல ஃபில்டரே வேண்டாம், தானாவே பல விநாடி வரும். எஃப் 16, 22ன்னு லென்ஸ் துளையை ரொம்பச் சுருக்கி நேரத்தை நீட்டாதீங்க, டிஃப்ராக்‌ஷன்ல பாறையோட சொரசொரப்பு எல்லாம் மழுங்கும்.

#7 நீலப்பொழுது

பழையலென்ஸ் சார், முட்டத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. தனுஷ்கோடியிலும் தரங்கம்பாடியிலும் அலை சின்னது, இடைவெளி குறைவு. அரை விநாடியில் எடுத்தால் கோடு வராது, கசங்கின துணிபோல் குழப்பம்தான் வரும். அங்கே 8 விநாடிக்கு மேல் போனால்தான் கடல் அமைதியாகி, சிதைந்த சுவரோ கோட்டையோ தனித்து நிற்கும். அலையின் இடைவெளியைவிட ஷட்டர் நேரம் நீளம் என்றால் மென்மை, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவென்றால் கோடு. இரண்டுக்கும் நடுவில் சிக்கினால்தான் கெடும்.

ஃபோகஸ்: இருட்டில் ஆட்டோ தடுமாறும். மேனுவலில் வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்துப் பூட்டிவிடுங்கள். ஃபுல் ஃப்ரேமில் 16 எம்எம், எஃப் 11 என்றால் ஹைப்பர்ஃபோகல் (அங்கே ஃபோகஸ் வைத்தால் அதில் பாதித் தூரத்திலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும் தூரம்) 80 சென்டிமீட்டர் வாக்கில், 24 எம்எம்மில் 1.75 மீட்டர். தூரம் இன்னும் கூர்மையாக வேண்டுமென்றால் இதைவிட இரண்டு மடங்குத் தள்ளி ஃபோகஸ் செய்வது நல்லது. பெரும்பாலும் முன்பாறை ஒரு மீட்டருக்குள் வராது.

உதயத்தில் ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) சிவப்பு சேனலைத் தனியாகப் பாருங்கள். மொத்த ஹிஸ்டோகிராம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் வெட்டுப்பட்டிருக்கும்; பிறகு சூரியனைச் சுற்றி மஞ்சள் திட்டு, எதைச் செய்தாலும் திரும்பாது. 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துச் சேர்ப்பது பாதுகாப்பு. 16 எம்எம்மில் போலரைசர் போடாதீர்கள், வானத்தில் ஒரு பக்கம் கருநீலப் பட்டை விழும்.

#8 உவரிமணல்

தனுஷ்கோடி பத்தி யாரும் விரிவா சொல்லலையே.

அரிச்சல்முனை வரைக்கும் 2017லேர்ந்து தார்ச்சாலை இருக்கு. சோதனைச்சாவடியில இருட்டுல விடமாட்டாங்க, வழக்கமா காலை 6 மணிக்கு மேலதான். சாயங்காலமும் சீக்கிரம் வெளியேத்திடுவாங்க. நேரத்தை முந்தின நாள் சாவடியிலேயே கேட்டுக்கணும். உதயம் 6:32ங்கிறதால ஜனவரி ஒத்துவரும். ஜூன்ல போனா கதவு திறக்கும்போதே சூரியன் மேல நிக்கும். 6க்கு விட்டாலும் நீல வெளிச்சத்துல பாதி வண்டியிலேயே போயிடும், அதனால முனை வரைக்கும் ஓடாதீங்க. 1964 புயல்ல சிதைஞ்ச தேவாலயம் முன்னாடியே வந்துடும். பவளக்கல் சுவர், தாழ்ந்த வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்தா ஒவ்வொரு கல்லோட துளையும் தெரியும். முதல் பத்து நிமிஷத்தை அதுக்குக் குடுங்க.

பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல்னும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல்னும் சொல்வாங்க, சாதுவான பக்கம் வடக்குன்னு எல்லாரும் எழுதுறாங்க. ஜனவரிக்கு அது தலைகீழ். வாடைக்காத்து வடகிழக்குலேர்ந்து அடிக்கிறதால பாக் நீரிணைப் பக்கம்தான் கலங்கி நிக்கும், தெற்குப் பக்கம் அடங்கியிருக்கும். கண்ணாடி மாதிரி தண்ணி வேணும்னா அந்த மாசத்துல தெற்கே திரும்பி நில்லுங்க.

காத்துல மணல் பறக்கும். லென்ஸை அங்க மாத்தாதீங்க, கார் கதவைச் சாத்திட்டு உள்ளே மாத்துங்க. நீட்டிச் சுருக்குற ஜூம் லென்ஸ்ல ஒரு மணல் போனாலும் நறநறன்னு சத்தம் வரும், அப்புறம் சர்வீஸ்தான். பாம்பன் சாலைப் பாலத்துல வண்டியை நிறுத்தாதீங்க, தடை இருக்கு.

மணப்பாடு: கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்குற குன்று, அதுமேல திருச்சிலுவை ஆலயம். குன்றுமேல ஏறி எடுத்தா குன்றே படத்துல இருக்காது. வடக்கே மணல்திட்டுப் பக்கம் வந்து, கழிமுகத் தண்ணியை முன்னால வச்சு, 70லேர்ந்து 100 எம்எம்ல எடுங்க. காலைதான் நேரம்.

#9 பழையலென்ஸ்

தரங்கம்பாடிக்கு ஒரு வரி. டான்ஸ்போர்க் கோட்டை (1620) கடலைப் பார்த்து நிக்குது. எல்லாரும் சூரியனைப் பார்த்துத்தான் எடுப்பாங்க. உதிச்சு அஞ்சாவது நிமிஷம் கடலுக்கு முதுகு காட்டித் திரும்புங்க. மதில் முழுக்கப் பொன்னாகும். (அங்க கரைமேல மணல்லதான் நிக்கிறீங்க, அலைவாய் அம்மா சொன்னது பாறைக்கு.) மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கருங்கல் கொட்டி வச்சிருக்காங்க, அதைப் படத்திலிருந்து ஒளிக்கப் பார்க்காதீங்க. கடல் அந்தக் கோயிலைத் தின்ன கதையே அந்தக் கல்லுலதான் இருக்கு.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் காலை 6க்குத் திறக்கும். ஜனவரியில அரை மணி நேரம் முன்கூட்டி உள்ளே போகலாம், ஜூன்ல 5:45க்கே உதயம். உள்ளே தொல்லியல் துறை அனுமதி இல்லாம ட்ரைபாட் கூடாது. ஐஎஸ்ஓவை 800, 1600க்கு ஏத்தி, ஸ்டெபிலைசரை நம்பிக் கையில எடுங்க. விமானங்கள் கருநிழலா நிக்க, பின்னால சூரியன் வேணும்னா வளாகத்துல வடமேற்கு மூலைப் பக்கம் நில்லுங்க, 111 டிகிரி கணக்கு அங்கதான் உட்காரும். ட்ரோன் எடுத்துட்டு வர யோசனை இருந்தா விட்டுடுங்க. நினைவுச்சின்னம், பக்கத்துல கல்பாக்கம், தெற்கே கூடங்குளம், ராமேஸ்வரத்துல கடல் எல்லை. எங்க திரும்பினாலும் தடைதான்.

#10 சின்னமீன்

மொபைல்ல எடுக்கிறவங்களுக்கு ஏதாவது இருக்கா? ட்ரைபாட் எல்லாம் இல்லை.

#11 அலைவாய்

இருக்கு தம்பி. லென்ஸ் கண்ணாடியை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாருங்க. உப்புப் படலம் படிஞ்சா சூரியனைச் சுத்தி மங்கலா ஒரு வட்டம் வரும், மொபைல் படம் வெளுத்துப்போறதுக்கு முக்கால்வாசி அதுதான் காரணம். திரையில சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டுப் பூட்டி, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்புக்கு மேல குறைங்க. டிஜிட்டல் ஜூம் வேண்டாம், தனி டெலி லென்ஸ் இருந்தா மட்டும் போங்க. சுவர்மேல சாய்ச்சு வச்சு டைமர்ல எடுத்தா நைட் மோடும் நிலையா வரும்.

#12 பழையலென்ஸ்

கடைசியா பராமரிப்பு, இதுலதான் பல பேர் கோட்டை விடறாங்க.

ஏசி அறையிலிருந்து நேரா கடற்கரைக்குக் கேமராவை எடுத்துட்டுப் போனா லென்ஸ் உள்ளும் புறமும் வேர்த்துடும். உதயமே முடிஞ்சிரும், ஆவி போகாது. ராத்திரி பையை ஏசி இல்லாத இடத்துல வையுங்க, இல்லேன்னா கிளம்புறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி பையை மூடினபடியே வெளியே வையுங்க. துணியால துடைச்சா திரும்பத் திரும்ப வரும்.

ட்ரைபாட்: மெல்லிசான கடைசிக் கட்டத்தை முதல்ல நீட்டுங்க, அப்பத்தான் பூட்டு தண்ணிக்கு மேல நிக்கும். மணல்ல ஒவ்வொரு காலையும் ஒரு சாண் ஆழம் அழுத்தி ஊன்றி, ஒரு அலை வந்து போற வரை காத்திருங்க. தண்ணி இழுக்கும்போது காலடி மணலும் சேர்ந்து போய், கால் இன்னும் கொஞ்சம் இறங்கும். அது இறங்கி முடிச்ச பிறகுதான் அடிவானத்தை மட்டம் பார்த்து எடுக்கணும். பலத்த காத்துல நடுக்கொக்கியில பையைத் தொங்கவிடாதீங்க, ஊசலாடி நடுக்கம்தான் கூடும்.

உப்புத் துளி காய்ஞ்ச பிறகு உலர்ந்த துணியால தேய்ச்சா அந்தப் படிகமே கீறும். முதல்ல காய்ச்சி வடித்த தண்ணி நனைச்ச துணியால ஒத்தி எடுத்து, அப்புறம் உலர்ந்த மைக்ரோஃபைபர். நாலஞ்சு துணி கையில இருக்கட்டும், ஒரு தடவை உப்பு பட்டது அன்னைக்கு மறுபடி லென்ஸுக்குக் கிடையாது. அறைக்கு வந்ததும் ட்ரைபாட் பூட்டுகளைக் கழட்டி நல்ல தண்ணியில அலசி, நிழல்ல காயவச்சு மாட்டுங்க. மணவாளக்குறிச்சி மணல் ரொம்பப் பொடி, அங்க போன அன்னைக்கு இதைத் தள்ளிப்போடாதீங்க. ஊருக்குத் திரும்பினதும் எல்லாத்தையும் 40லேர்ந்து 45 சதவீத ஈரப்பதத்துல வையுங்க, இல்லேன்னா பூஞ்சை பிடிக்கும்.

#13 கரையோரம்

எல்லாருக்கும் நன்றி. இப்படி மாத்திட்டேன்: முதல் நாள் மாமல்லபுரம் காலை, மறுநாள் தரங்கம்பாடி காலை, அப்புறம் ராமேஸ்வரத்துல ரெண்டு இரவு, காணும் பொங்கலுக்கு மணப்பாடு, கடைசியில மூணு இரவு நாகர்கோவில்ல தங்கி முட்டம் மாலை, மணவாளக்குறிச்சி காலை, ஒரு காலை மட்டும் குமரி. சரியா?

#14 குமரிக்காரன்

வரிசை சரி தம்பி. ஒண்ணே ஒண்ணு, முட்டத்துக்கு ரெண்டு மாலை வச்சுக்கிடுங்க. முத மாலை பாறையில இறங்காம மேல நின்னு அலையைப் பாருங்க, எந்தச் சந்துல எப்படி ஏறுதுன்னு குறிச்சுக்கிடுங்க. அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாள்னா வத்தம் அதிகமா இருக்கும், வேற பாறை வெளிய தெரியும். கடல் ஏத்தம், வத்தம் அட்டவணையில சூரியன் மறையற 6:20க்கு வத்தமா ஏத்தமான்னு பார்த்து வாங்க. ஏத்தம்னா அன்னைக்குச் செம்மண் மேடு. தலையில கட்டுற லைட் வேணும், இறங்குன பிறகு அரை மணி நேரத்துல கும்மிருட்டு. மேல ஏறி வர்ற வழியை வெளிச்சம் இருக்கும்போதே ஒருதடவை நடந்து பார்த்துருங்க.

#15 நீலப்பொழுது

பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பௌர்ணமிக்கு முந்தைய நாள் நீங்கள் குமரியில் இருக்கும்படி அமைந்தால், அந்த மாலை முட்டத்தை விட்டுவிட்டுக் கிழக்குக் கரைக்கு வந்துவிடுங்கள். அன்று நிலா பெரும்பாலும் சூரியன் மறைவதற்கு முன்பே உதித்துவிடும். சிலையில் இன்னும் வெயில் இருக்கும், ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் அடங்கும். பௌர்ணமி அன்று நிலா வருவதற்குள் முன்புறம் பெரும்பாலும் இருளத் தொடங்கிவிடும். தை மாத நிலா உதிப்பது கிழக்குக்கு வடக்கே. எனவே காலையில் சூரியனுக்கு நின்ற இடத்துக்கு எதிர்ப்பக்கம், தெற்கே சங்கமத்துறையில் நில்லுங்கள்.